குன்றிற்கு அப்பாலும் கதையுண்டு: மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் இரண்டும் அவற்றின் மூலக்கதைகளும்

முன்னுரை

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுச் சாலையில் செல்வோர் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெயரைத் தாங்கிய நுழைவாயில் வளைவைக் கண்டிருப்பர். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் நிறுவிய அப்படநிலையம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இங்கிருந்தே வெளிவந்தது. 1963இல் சுந்தரம் மறைந்தார். பின்னாளில் படநிலையமும் மறைந்தது. வளைவும் படங்களும் எஞ்சின.

அப்படங்களுள் பெரும்புகழ் பெற்றவை இரண்டு. ஒன்று, 1950இல் வெளிவந்த 'மந்திரி குமாரி'. மற்றொன்று, 1956இல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. முன்னது ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியைத் தழுவியது. பின்னது ஆயிரத்தொரு இரவுகள் தொகுதியில் வழங்கும் அலிபாபா கதையைத் தழுவியது. இவ்விரண்டையும் நாம் விரும்பிப் பார்த்தோம், இன்றும் பார்க்கிறோம். ஆயினும் மூலக்கதைகளைக் கற்றபின் மீண்டும் பார்க்கும்போது மனத்தில் ஒரு குறை தோன்றுகிறது. அக்குறை யாது, எவ்வெவ்வாறு மாற்றியிருந்தால் அது நீங்கியிருக்கும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைப்படத்தை ஆராய்தல் தமிழ்த்துறைக்கு ஏற்ற பணியா எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். வகுப்பறை நிகழ்ச்சி ஒன்றே இதற்கு விடையாக அமையும். குண்டலகேசியைப் பாடமாக நடத்தியபோது, கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளிய மங்கையின் கதை யாருக்குத் தெரியும் என்று கேட்டோம். வகுப்பில் பலரும் கை உயர்த்தினர். பாட்டன் பாட்டியர் வாயிலாகவும் பழைய படங்கள் வாயிலாகவும் அவர்கள் அதனை அறிந்திருந்தனர். "அதன்பின் அவள் என்ன செய்தாள்?" என்று கேட்டபோது வகுப்பு அமைதியாயிற்று. மாணவி ஒருவர் மட்டும் எழுந்து, "அதன்பின்னும் கதை இருக்கிறதா ஐயா?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார். அந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அளவுகோல்

திரைப்படம் மூலநூலை அப்படியே பின்பற்றவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஒரு முதல்நூலிலிருந்து பிறக்கும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகத் தொல்காப்பியர் வகுத்தார். பின்வரும் ஆசிரியன் தான் விரும்பும் வேறுபாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆயின் மரபு அழியலாகாது என்பது நன்னூலார் கருத்து. எனவே மாற்றம் குற்றமன்று. மாற்றத்தால் கதை வலுப்பெற்றதா, வலுவிழந்ததா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. இவ்வளவுகோலைக் கொண்டே இரு படங்களையும் அளந்து பார்ப்போம்.

குண்டலகேசி கூறும் கதை

குண்டலகேசி நாதகுத்தனார் இயற்றிய பௌத்தக் காப்பியம். இன்று நமக்குக் கிடைப்பவை 19 பாடல்களே. இக்காப்பியத்திற்கு மறுப்பாக எழுந்த சமண நூலான நீலகேசியின் உரையாலும், பாலிமொழி உரைகளாலும் கதைப்போக்கை அறிகிறோம்.

பத்திரை என்பவள் செல்வக்குடியிற் பிறந்தவள். கொலைக்களத்திற்கு இட்டுச்செல்லப்படும் கள்வன் ஒருவனைக் கண்டு அவன்பால் காதல் கொள்கிறாள். பாலி உரைகளின்படி அவளுடைய தந்தை பொருள் கொடுத்து அவனை மீட்டு மணமுடித்து வைக்கிறான். பின்னர் அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முற்படுகிறான். அணிகலன் மீது கொண்ட ஆசையே அதற்குக் காரணம் எனப் பாலி உரைகள் கூறும். ஊடலின்போது அவள் விளையாட்டாக 'நீ கள்வன் அல்லையோ' எனக் கூறியதைப் பொறாமல் சினந்தான் எனத் தமிழ் மரபு கூறும். இறக்குமுன் கணவனை மும்முறை வலம்வர விழைவதாகக் கூறி, பின்புறம் சென்றதும் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

கதையின் முதற்பகுதி இவ்வளவே. காப்பியத்தின் உயிர் இதன் பின்னரே தொடங்குகிறது. பத்திரை வீடு திரும்பவில்லை. சமணத் துறவியாகிறாள். களையப்பட்ட கூந்தல் சுருண்டு வளர்ந்தமையால் குண்டலகேசி எனப் பெயர் பெறுகிறாள். ஊர்தோறும் சென்று, ஊர்வாயிலில் மணலைக் குவித்து நாவற்கிளை ஒன்றை நடுகிறாள். தன்னோடு வாதிட வல்லவர் அதனை மிதித்து அழிக்கலாம் என்பது அறைகூவல். பலரை வென்ற அவள், இறுதியில் புத்தரின் மாணாக்கராகிய சாரிபுத்தரோடு வாதிடுகிறாள். அவள் கேட்டவற்றுக்கெல்லாம் அவர் விடையளிக்கிறார். பின்னர் அவர் கேட்ட ஒரேயொரு வினாவிற்கு, ஒன்று என்பது யாது என்னும் எளிய வினாவிற்கு, அவளால் விடைகூற இயலவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு பௌத்தத் துறவியாகிறாள். விரைந்து உணரும் ஆற்றலில் பிக்குணியருள் முதன்மையானவள் எனப் புத்தரால் போற்றப்பட்டாள் என்பது பௌத்த மரபு.

மலையுச்சியில் உயிரைக் காத்துக்கொண்ட அறிவு ஊர்வாயிலில் உண்மையைத் தேடும் அறிவாக வளர்கிறது. தள்ளுதல் அன்று, தேடுதலே இக்காப்பியத்தின் பொருள்.

மந்திரி குமாரியின் சிறப்புகள்

குறை கூறுமுன் நிறை கூறுதல் முறை. கலைஞர் மு. கருணாநிதி முதலில் நாடகமாக எழுதிய கதை இது. அவரே திரைக்கு உரையாடல் எழுதினார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படத்தை, அவர் அமெரிக்கா திரும்பியபின், டி.ஆர். சுந்தரம் நிறைவு செய்தார். பாடல்கள் எழுதியவர்களுள் அ. மருதகாசியோடு நம் சமுதாயம் பெருமையுடன் நினைவுகூரும் கவிஞர் கா.மு. ஷெரீப்பும் ஒருவர். ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய மலையுச்சிப் பாடலை அறியாத தமிழர் அரியர். அக்காட்சி நம் ஏற்காட்டு மலையில் படமாக்கப்பட்டது என்பது இவ்வட்டாரத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

கதை முல்லை நாட்டில் நிகழ்கிறது. ராஜகுருவின் மகன் பார்த்திபன் மறைவில் கொள்ளையன். படைத்தலைவன் வீரமோகனாக எம்.ஜி.ஆரும், பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜனும், ராஜகுருவாக எம்.என். நம்பியாரும், அமைச்சர் மகள் அமுதவல்லியாக மாதுரி தேவியும் நடித்தனர். படைத்தலைவன் பெயரையோ இளவரசி பெயரையோ சூட்டாமல் அமைச்சர் மகளை முன்னிறுத்திப் படத்திற்குப் பெயரிட்டது அக்காலத்தில் பாராட்டத்தக்க துணிவு.

படத்தின் புனைவுகளுள் ஒன்று மூலத்தையும் விஞ்சியது. மூலத்தில் கள்வனை விடுவிப்பது தந்தையின் பொருள். படத்திலோ, பிடிபட்ட பார்த்திபனைக் காக்க அமுதவல்லி தேவியின் சிலைக்குப் பின்னே மறைந்து நின்று தெய்வத்தின் குரலாகப் பேசுகிறாள். அப்பொய்யால் குற்றவாளி விடுதலை பெறுகிறான். குற்றமற்ற வீரமோகன் துன்புறுகிறான். பொருளால் நிகழ்ந்ததைக் குரலால் நிகழ்ந்ததாக மாற்றியமை நன்னூலார் இசையும் நல்ல வேறுபாடே ஆகும்.

எங்கே குறை?

இத்துணைச் சிறப்பிருந்தும் குறை தோன்றுவதேன்? காப்பியம் தொடங்கும் இடத்திற்கு வரும்போது படம் முடியும் தறுவாயை அடைந்துவிடுகிறது. மலையுச்சிக் காட்சி படத்தின் பிற்பகுதியில் வருகிறது. அதற்கு முன்னர் அரண்மனைச் சூழ்ச்சியும், வீரமோகன் இளவரசி காதலும், வாட்போரும், நகைச்சுவையும், ஆடலும் நேரத்தைக் கொண்டுவிட்டன. அதன் பின்னரோ அரசுரிமைச் சிக்கலைத் தீர்க்கவேண்டிய கடமை படத்திற்கு இருக்கிறது. நாவற்கிளைக்கு இடமேது?

இதில் ஒரு வியப்பும் உண்டு. தமிழ்த் திரையில் வாதத்தை அரங்கேற்றியவர்களுள் கலைஞருக்கு ஈடு கூறத்தக்கவர் சிலரே. 'பராசக்தி' 1952இல் வெளிவந்தபோது அதன் நீதிமன்றக் காட்சியை மக்கள் மனப்பாடம் செய்தனர். சண்டை இல்லை, ஆடல் இல்லை. ஒருவன் நின்று பேசுகிறான், அரங்கம் மூச்சடக்கிக் கேட்கிறது. வாதம் எழுத வல்ல அப்பேனாவின் கையில் வாதத்தையே பொருளாகக் கொண்ட காப்பியம் 1950இலேயே வந்து சேர்ந்திருந்தது. ஆயினும் அவ்வாதமே விடுபட்டுப்போயிற்று.

நாம் கருதும் மாற்றங்கள்

முதலாவது, மலையுச்சிக் காட்சியைப் படத்தின் நடுவிற்குக் கொண்டுவரவேண்டும். இடைவேளைக்கு முன் அக்காட்சி நிகழுமாயின், இனி இவள் என்ன செய்வாள் என்னும் வினாவோடு அவையோர் காத்திருப்பர். இதற்கு வேண்டிய நேரத்தைப் படைத்தலைவன் காதற்காட்சிகளைச் சுருக்கிப் பெறலாம்.

இரண்டாவது, சிலையின் குரலுக்கு ஈடான காட்சி ஒன்று வேண்டும். தெய்வத்தின் குரலைக் கடன்வாங்கிப் பொய் சொன்னவள் தன் குரலில் உண்மை பேசவேண்டும் என்பது கதைக்குள்ளேயே பொதிந்துள்ள நியதி. இதனைப் படம் அறவே உணரவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. அதற்கு அளித்த இடம் போதாது என்பதே நம் கருத்து. கோட்டை வாயிலில் அவள் நாவற்கிளையை நட்டு ராஜகுருவை வாதிற்கு அழைப்பதாக அமைத்துப் பார்ப்போம். ராஜகுருவின் ஆதிக்கத்தைச் சாடுவது படத்தின் தலையாய நோக்கம். வாளால் வீழ்த்தப்படும் ஆதிக்கம் வேறொரு வாளோடு திரும்பி வரும். ஊரார் முன்னிலையில் ஒரு பெண்ணின் கேள்விக்கு விடைகூற இயலாமல் நிற்கும் ஆதிக்கம் திரும்பி வருவதரிது.

மூன்றாவது, அவள் ஒருமுறை தோற்கவேண்டும். இது விந்தையாகத் தோன்றலாம். சாரிபுத்தரின் எளிய வினாவிற்கு விடைகூற இயலாமல் நின்றபோதே குண்டலகேசி கற்கத் தொடங்கினாள். அமுதவல்லி ராஜகுருவை வென்றபின், அவளது பொய்யால் துன்புற்ற எளியவர் ஒருவர் அவளிடம் ஒரு வினாவை எழுப்பட்டும். "தெய்வம் பேசியதென்று நம்பிய எங்களுக்கு உன் விடை என்ன?" என்று கேட்கட்டும். அங்கே அவள் மௌனமாகட்டும். வென்றவள் தலைகுனியும் அக்காட்சி எந்த வாட்போரினும் ஆழமாக மனத்தில் பதிந்திருக்கும்.

அலிபாபாவும் மர்ஜியானாவும்

இனி இரண்டாவது படத்தை நோக்குவோம். டி.ஆர். சுந்தரம் இயக்கிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அலிபாபாவாக எம்.ஜி.ஆரும், மர்ஜியானாவாக பி. பானுமதியும், கொள்ளையர் தலைவனாக பி.எஸ். வீரப்பாவும் நடித்தனர். சேலத்திலிருந்து தமிழகத்திற்கு வண்ணம் காட்டிய பெருமை இப்படத்தைச் சாரும்.

இக்கதையின் வரலாறு சுவையானது. அரபு மொழியின் பழைய ஏடுகளில் இக்கதை காணப்படவில்லை. அலெப்போ நகரத்துக் கதைசொல்லியாகிய ஹன்னா தியாப் 1709இல் பாரீசில் அந்துவான் கல்லான் என்னும் பிரெஞ்சு அறிஞரிடம் கூறிய கதைகளுள் இதுவும் ஒன்று. கல்லானின் நூலில் இது 1717இல் அச்சேறியது.

கதையின் பெயர் அலிபாபாவினுடையது, செயலோ மர்ஜியானாவினுடையது. அவள் அடிமைப்பெண். காசிமின் உடலைத் தைக்கக் கண்ணைக் கட்டித் தையற்காரனை அழைத்து வருபவள் அவள். கொள்ளையர் வீட்டு வாயிலில் இட்ட அடையாளத்தைக் கண்டு, அண்டை வீடுகளிலும் அதே அடையாளத்தை இட்டுக் குழப்புபவள் அவள். எண்ணெய்ச் சாடிகளில் ஒளிந்திருக்கும் கொள்ளையரைக் கண்டுபிடித்து அழிப்பவளும், விருந்தினனாக மாறுவேடத்தில் வந்த தலைவனை அறிந்து கத்தி ஏந்தி ஆடி முடிப்பவளும் அவளே. அலிபாபா நிகழ்ந்ததைப் பின்னரே அறிந்து வியக்கிறான். அவளுக்கு விடுதலை அளித்து, தன் மகனுக்கே மணமுடித்து வைக்கிறான்.

திரைப்படத்தில் அலிபாபாவே காதலன். எனவே வீரனும் அவனே ஆகவேண்டியதாயிற்று. மர்ஜியானா அறிவுள்ளவளாகக் காட்டப்பட்டாலும், குகையில் கொள்ளையர் தலைவனோடு நிகழும் இறுதிப்போர் நாயகனுக்கு உரியதாகிறது. பானுமதி போன்ற மிடுக்கு வாய்ந்த நடிகையை வைத்துக்கொண்டு இறுதி வெற்றியை அவரிடம் ஒப்படைக்காதது பெரும் இழப்பு எனலாம்.

இங்கு நாம் வேண்டும் மாற்றங்கள் இரண்டே. ஒன்று, கொள்ளையர் தலைவனை இனங்கண்டு வெல்லும் இறுதிச் செயலை மர்ஜியானாவிற்கே அளித்தல். மற்றொன்று, அவளது விடுதலையைக் கதையின் உச்சமாக அமைத்தல். காதலியை மணத்தல் எல்லாப் படத்திலும் உண்டு. தன்னைக் காத்தவளை அடிமை நிலையினின்று விடுவித்தல் இக்கதைக்கே உரிய சிறப்பு. அடிமையை விடுவித்தலை ஏறுதற்கரிய மலைக்கணவாயைக் கடத்தலாகத் திருக்குர்ஆனின் 'அல்பலத்' அத்தியாயம் காட்டுகிறது. அரபு நாட்டு உடையையும் ஆடலையும் காட்டிய படம், அக்கதையுள் இருந்த இவ்வறத்தையும் காட்டியிருந்தால் வண்ணத்தினும் ஒளிமிக்க பெருமையைப் பெற்றிருக்கும்.

வாதம் மக்களைக் கவருமா?

வாதமும் வினாவிடையும் ஏட்டிற்கு ஏற்றவை, அரங்கிற்கு ஏற்றவை அல்ல என்று கூறுவோர் உளர். மரபு அவர்களுக்கு மாறாகப் பேசுகிறது. ஆயிரத்தொரு இரவுகளிலேயே தவத்துத் என்னும் அடிமைப்பெண்ணின் கதை இருக்கிறது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அவையில் மார்க்கச் சட்டம், மருத்துவம், வானியல் ஆகிய துறைகளில் வல்ல அறிஞர்கள் ஒவ்வொருவராக அவளிடம் வினவித் தோற்கின்றனர். தோற்றவர் தம் மேலங்கியைக் களைந்து தரவேண்டும் என்பது ஒப்பந்தம். கேட்போர் சலிப்படைந்திருந்தால் அக்கதை இத்தனை நூற்றாண்டுகள் வாழ்ந்திராது.

தமிழ் இஸ்லாமிய இலக்கியத்திலும் இம்மரபு உண்டு. முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களுள் பழமையானது வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசாலா'. 1572இல் அரங்கேறிய அந்நூல் முழுதும் வினாவும் விடையுமே. 'மசாலா' என்னும் அரபுச் சொல்லின் பொருளே வினா என்பதாகும். குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நீலகேசியிலும் குண்டலகேசி வாதச் சருக்கம் என்றொரு பகுதி உண்டு. சமயங்கள் வேறு, வினவும் உரிமையைப் போற்றிய மரபு ஒன்றே. அதனைத் திரையில் கண்டிருந்தால் தமிழ் மக்கள் ஏற்றிருப்பர் என்பதற்குப் பராசக்தியே சான்று.

தடைகளையும் எண்ணுவோம்

படம் எடுத்தோரின் இடர்ப்பாடுகளை மறத்தல் முறையன்று. பெருமுதலீட்டில் ஆண்டுதோறும் பல படங்களை உருவாக்கிய நிறுவனம் அது. பாடல், சண்டை, நகைச்சுவை, ஆடல் யாவும் இருந்தாலன்றிக் கொட்டகைகளை நிரப்புதல் அரிது. மந்திரி குமாரியின் இயக்குநர் இடையில் நாடு திரும்பினார். கணவனைத் தள்ளிய பெண் ஊர்தோறும் வாதிட்டு வாழ்வதை 1950ஆம் ஆண்டின் அவையோர் எவ்வாறு ஏற்பர் என்னும் தயக்கமும் இயல்பானதே. இவற்றையெல்லாம் எண்ணும்போது அவர்கள் செய்தது பெரிது என்றே கூறவேண்டும். மலையுச்சியில் ஒரு பெண் தன் உயிரைத் தானே காத்துக்கொண்டதைக் கண்டு கைதட்டும்படி அவையோரைப் பழக்கியவர்கள் அவர்கள்.

ஆயினும் ஒன்றை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். சிலப்பதிகாரத்தைத் தழுவிய படம் தவறினால் சிலப்பதிகாரம் இருக்கிறது. எடுத்துப் படித்துத் தெளியலாம். குண்டலகேசிக்கு அவ்வாய்ப்பு இல்லை. 19 பாடல்கள் போக எஞ்சியவற்றைக் காலம் கொண்டது. மூலம் மறைந்த இடத்தில் வழிநூலே மூலமாகிவிடுகிறது. தமிழர் பெரும்பாலோர்க்கு மந்திரி குமாரியே குண்டலகேசி. படம் விட்டது மக்கள் நினைவிலிருந்தும் விடுபட்டது. நம் வகுப்பறையின் அமைதிக்குக் காரணம் இதுவே.

முடிவுரை

எடுத்த படத்தை இனி மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டா. அது அக்காலத்தின் சான்றாக நிற்கட்டும். எனினும் கதைகள் மீண்டும் மீண்டும் சொல்லப்படுவன. நம் மாணவர்களுள் நாளை நாடகம் எழுதுவோரும் திரைக்கதை எழுதுவோரும் இருப்பர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தழுவும் கதையில் எது புகழ்பெற்ற காட்சி என்று தேடுமுன் எது அதன் உயிர் என்று தேடுங்கள். அறிவால் பிழைத்த பெண்ணுக்கு அந்த அறிவைக்கொண்டு வாழவும், கேட்கவும், தோற்கவும், கற்கவும் கதையில் இடம் கொடுங்கள்.

"அதன்பின்னும் கதை இருக்கிறதா?" என்று கேட்ட மாணவிக்கு அன்று அந்தப் பாடவேளை முழுவதும் நாவற்கிளையின் கதையைக் கூறினோம். மணி அடித்தபின்னும் வகுப்பு எழவில்லை. இறுதியில் அவரே, "சாரிபுத்தர் கேட்ட கேள்விக்கு விடை என்ன ஐயா?" என்றார். மறுநாள் கூறுவதாக விடைபெற்றோம். மறுநாள் நாம் செல்லுமுன் மாணவியர் நால்வர் நூலகத்தில் நீலகேசி உரையைப் புரட்டிக்கொண்டிருந்தனர்.